கொம்பு கீழே பார்த்த பிறை

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சாயங்காலமானால் ஆகாசத்தைப் பார்க்கிற பழக்கம் உண்டு. நட்சத்திரத்துக்காகப் பார்ப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆவணி, புரட்டாசி மாதங்களில் சிவகாசியைச் சுற்றியிருக்கிற பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி சீசன் சூடு பிடித்திருக்கும். சரக்கு வாங்க வருகிற வெளியூர் வியாபாரிகளுக்கு, இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு கம்பெனியும் தன் புது வெடிகளை மேலே விட்டுக் காட்டும். அதற்கு டிரயல் என்று பெயர். நாங்கள் மொட்டைமாடியில் நின்றுகொண்டு அதற்கு மார்க் போடுவோம். பச்சை கம்மி என்போம், விரிவு பத்தலை என்போம், சத்தம் மட்டும்தான் பெருசு என்போம். காசு கொடுக்காமல் பார்க்கிறவர்களுக்கு எப்போதுமே கண்டிப்பு அதிகம்.

இப்படி வளர்ந்த கண்ணுக்கு நிஜ நட்சத்திரம் எதுவும் லேசில் பிடிபடாது. ஐந்தாறு வயதில் மேற்கே பளிச்சென்று நிற்கிற வெள்ளியைப் பார்த்துவிட்டு, இது ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று வெகுநேரம் காத்திருந்தவள் நான். எதிர்வீட்டு போர்மேன் மாமாதான் என் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார். அவர் புதுப்பட்டி ரோட்டில் ஒரு கம்பெனியில் பேன்சி வெடிப் பிரிவுக்கு போர்மேன். எங்களுக்குச் சொந்தமில்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். "அது நம்ம சரக்கு இல்ல புள்ள. யாரு போட்டதோ, அலுமினியத்தை அள்ளி விட்டிருக்காக" என்றார். தெற்கே தாழ்வாக ஒரு சிவப்பு நட்சத்திரம் தெரியும். அதைக் காட்டினால் "ஸ்ட்ரான்சியம்" என்பார். வெடிக்குச் சிவப்பு நிறம் தருகிற உப்பு அது. அந்தச் சிவப்பு மட்டும் அவருக்கு வெகுவாகப் பிடிக்கும். தங்கள் கம்பெனியில் அந்த நிறம் வர மாட்டேன் என்கிறதே என்று மனதார வருத்தப்படுவார்.

நோன்பு புரட்டாசி வெயிலில் வந்த வருடம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம்தான் நான் ஆகாசத்தை நிஜமாகவே உற்றுப் பார்த்தேன். காரணம் என் அத்தா, அதாவது என் அப்பா.

அத்தா துபாயில் ஒரு பலசரக்கு மார்க்கெட்டில் வேலையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து ஒரு பெருநாளைக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. பெருநாள் அன்றைக்கு அவரிடம் இருந்து போன் வரும். போனை வரிசையாக எல்லார் காதிலும் வைப்பார்கள். என் முறை வரும்போது கார்டில் காசு தீர்ந்துபோகும். அந்த வருடம் நோன்பு ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவர் லீவில் வந்து இறங்கியபோது, பெருநாளும் அவரோடுதான் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவருடைய திரும்புகிற டிக்கெட்டைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நோன்பு இருபத்தொன்பது நாளிலும் முடியலாம், முப்பது நாளிலும் முடியலாம். இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் சூரியன் விழுந்ததும் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு, அதற்கடுத்த நாள்தான் பெருநாள். அத்தாவுக்கோ முப்பதாம் நாள் இருட்டியதும் வேன் ஏற வேண்டும். திருவனந்தபுரத்தில் விடிகாலை பிளேன். ஆக, பிறை முந்தினால் அத்தா எங்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டுப் போவார். பிந்தினால் பெருநாள் தொழுகை நேரத்தில் அவர் பிளேனில் உட்கார்ந்திருப்பார். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. துபாயில் எங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே நோன்பு தொடங்கியிருந்தது. எங்கள் இருபத்தொன்பதாம் நாளில் அங்கே பெருநாளே வந்துவிட்டது. அவர் போய் இறங்கும்போது அங்கே பிரியாணிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அங்கே முதல் நோன்பைப் பிடித்துவிட்டு இங்கே வந்தவர் என்பதால், நாங்கள் முப்பது பிடித்தால் அவருக்கு அது முப்பத்தொன்று ஆகும். "அல்லாவுக்கே ஒண்ணு கூடுதலாக் குடுத்துட்டுப் போறீக மச்சான்" என்று மாமு அவரைக் கிண்டல் செய்தார். மாமு என்பது என் அம்மாவின் தம்பி.

ஆகவே பிறையை நானே பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது என்று மாமுவைத் துளைத்தெடுத்தேன். சூரியன் சரியாக எந்த இடத்தில் விழுகிறது என்பதை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். முதல் பிறை அந்த இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகத்தான் இருக்குமாம். நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி இருக்குமாம். கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாதாம். நான் நாலு நாள் தொடர்ந்து பார்த்து, சூரியன் பிரஸ்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் விழுகிறது என்று கண்டுபிடித்து, எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தேன். போர்மேன் மாமா வீட்டில் கிடந்த காகிதக் குழாய் ஒன்றையும் வாங்கி வந்தேன். வெடி அடைக்கிற பெரிய குழாய். அதில் கண்ணாடியெல்லாம் கிடையாது. ஆனால் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் பக்கத்து வெளிச்சம் மறைந்து ஆகாசம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கி வரும். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மாமு மட்டும் யாருக்கும் தெரியாமல் வாங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஒரே ஒரு தொந்தரவு, புகை. மேற்கேதான் கம்பெனிகள், அதிலும் போர்மேன் மாமாவின் கம்பெனிதான் எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில்தான் டிரயலும் தொடங்கும். அரை மணி நேரம் கழிந்தால் அடிவானம் முழுக்கப் பாலாடை கட்டின மாதிரி புகை படிந்துவிடும். அதற்குப் பின்னால் முழுநிலாவே நின்றாலும் தெரியாது.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் போர்மேன் மாமா சாப்பிட வந்தபோது நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"மாமா, இன்னைக்கு டிரயல் வேண்டாம்."

கையில் எடுத்த சோற்றோடு அவர் என்னைப் பார்த்தார். "நல்லாருக்கே கதை. பீகார்ல இருந்து பார்ட்டி வந்து ஒக்காந்திருக்காக. எம்புட்டுப் பெரிய ஆர்டர் தெரியுமா?"

நான் அத்தாவின் வேன், பிளேன், பெருநாள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது, "பாங்கு சொன்னப்புறம் எம்புட்டு நேரம் வேணும்?" என்றார்.

"அரை மணி நேரம்."

"சரி போ. காத்து கிறுக்குத்தனமா அடிக்குதுன்னு மொதலாளிக்கிட்டச் சொல்லிக்கிடுறேன். பாய்க்காகத்தான், ஒனக்காக இல்ல."

அந்த வயதில் நான் சாதித்த மிகப் பெரிய காரியம் அதுதான். சீசன் நேரத்தில் ஒரு கம்பெனியின் டிரயலை நிறுத்திவிட்டேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒனக்கு எதுக்குடி இந்த வேலையெல்லாம்? வாறது வரட்டும்" என்றாள். பசியில் இருக்கிறாள் என்று மன்னித்துவிட்டேன்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு மாடிக்கு ஓடினேன். எங்கள் தெருவின் மாடிகள் எல்லாவற்றிலும் ஆட்கள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அத்தாவும் மாமுவும் வேகமாக வந்து ஏறினார்கள். அம்மா மட்டும் வேலை கிடக்கிறது என்று கீழேயே இருந்துவிட்டாள். மேற்கே ஆகாசம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. போர்மேன் மாமா வாக்குத் தவறவில்லை. நான் கரிக்கோட்டின் மேல் குழாயை வைத்து, இடப்பக்கமாகத் துழாவினேன். வெள்ளி மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் ஆரஞ்சு வெளிச்சம்தான்.

ஆனால் மாமா அவருடைய கம்பெனிக்குத்தான் போர்மேன், ஆகாசத்துக்கு இல்லை. அவர் நிறுத்தியது அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கம்பெனிகளுக்கும் எப்படித் தெரியும்? நான் குழாயைக் கீழே வைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கோ தூரத்தில் ஒருவர் ஒரே ஒரு வெடியை மேலே விட்டிருக்கிறார். சத்தம் எங்கள் வரைக்கும் வரவில்லை. மறுபடி குழாயை வைத்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம், நான் எதிர்பார்த்த அதே இடத்தில், மெல்லிசாக வெள்ளையாக ஒரு வளைவு நின்றது.

"பிறை!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடிப் பிள்ளைகள் குதித்தார்கள். அவர்கள் அடுத்த மாடிக்குச் சொன்னார்கள். அடுத்த மாடி அடுத்த தெருவுக்குச் சொன்னது. யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லத் தொடங்கினார்கள். கீழே தையல்கடையில் சட்டைக்காகக் காத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். கறிக்கடைக்காரர் ஆட்டுக்காரருக்குப் போன் போட்டார். இவ்வளவும் எவ்வளவு சீக்கிரம் நடந்தது என்றால், நான் அத்தாவின் கையைப் பிடித்து இழுத்து இடத்தைக் காட்டி முடிப்பதற்குள் விருதுநகரில் இருந்து அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா வீட்டுப் போன் வந்துவிட்டது. சிவகாசியில் பிறை தெரிந்துவிட்டதாம், எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். காலையிலேயே பிள்ளை குட்டிகளோடு கிளம்பி வந்துவிடுவதாகவும் சொன்னார்கள். ராஜபாளையத்தில் இருந்து அத்தாவின் தங்கை வீடும் வருவதாகச் சொன்னது.

நான் படியில் பாதி இறங்கி அம்மாவுக்குச் சேதி சொன்னேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "பக்கத்து வீட்டுல பெரிய தேக்சா கேக்கணும். நம்ம பாத்திரம் பத்தாது" என்றாள். தேக்சா என்பது பிரியாணி ஆக்குகிற அண்டா. பெருநாளைச் சொல்லும்போது யாருடைய குரலும் அப்படி இறங்கிப்போய் இருந்து நான் கேட்டதில்லை. முப்பது பேருக்குச் சமைக்க வேண்டுமே என்ற மலைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் இருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஊர் முழுக்கப் பிறை பார்த்தாகிவிட்டது, ஆனால் பார்த்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று கடைசியில் எங்கள் வீட்டு மாடியில் வந்து நிற்கிறது. காகிதக் குழாயோடு நின்ற என்னைப் பார்த்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்தாலும் முறைப்படி கேட்டார்கள். நான் இடத்தைச் சொன்னேன், கரிக்கோட்டைக் காட்டினேன், உயரத்தை விரலால் அளந்து காட்டினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சும்மா?" என்றார் ஒருவர்.

கண்ணை மூடி நினைத்துப் பார்த்துவிட்டு, "கீழ பாத்து" என்றேன். கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி கையை வளைத்தும் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் சிரித்துவிட்டார். சூரியன் கீழே கிடக்கும்போது பிறையின் வயிறுதான் அந்தப் பக்கம் இருக்கும், கொம்பு மேலேதான் பார்க்கும், கவிழ்ந்த பிறை என்று ஒன்று அந்த நேரத்தில் கிடையாது என்று எடுத்துச் சொன்னார். மேலே ஏறி வளைந்து கீழே இறங்குகிற வெடியின் புகைதான் கொம்பைக் கீழே தொங்கவிடும். எங்கள் ஊரைத் தவிர வேறெந்த ஊரிலும் ஒரு பிள்ளை இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ஆனாலும் முதலாமவருக்கு மனசு கேட்கவில்லை. அத்தாவின் டிக்கெட் விஷயம் தெருவுக்கே தெரியும். அவர் அத்தா பக்கம் திரும்பி, "பாய், நீங்களும் இங்கனதான நின்னீக. நீங்க எதுவும் பாத்தீகளா?" என்று கேட்டார். மாமு அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா பெரிய ஆள், தொழுகிறவர், பொய் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பள்ளிவாசலில் வைத்து யோசிப்பார்கள். நான் அவர் விரலை நசுக்கினேன்.

"நான் பிறையைப் பாக்கலை. புகைதான் பாத்தேன்" என்றார் அத்தா.

தெருவில் தக்பீர் ஓய்ந்தது. கறிக்கடைக்காரர் மறுபடி போன் போட்டார். சொல்லி வைத்த மாதிரி புதுப்பட்டி ரோட்டில் போர்மேன் மாமாவின் டிரயல் தொடங்கியது. பச்சையும் சிவப்புமாக அன்றைக்கு அவர் விட்டதெல்லாம் நன்றாகவே விரிந்தன. நான் ஒன்றுக்கும் மார்க் போடவில்லை.

கீழே போய் அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, "நெசமாவே புகைதானா? நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றதும், கஞ்சியில் பாதி அவளே எனக்கு ஊட்டிவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஊட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அழுததற்குக் கிடைத்த லாபம் என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாளைப் போல ஒரு வீணான நாளை நான் பார்த்ததில்லை. விருந்தாளி யாரும் வரவில்லை. பெரியத்தா வீட்டில் போன் பண்ணி, பெருநாளைக்கு முந்தின நாள் என்பதால் ஜவுளிக்கடையைப் போட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்திலும் அதே கதைதான். மாமுவுக்கும் கடையில் கூட்டம், சாயங்காலம் வேனோடுதான் வருவார். நோன்பு நாள் என்பதால் சாயங்காலம் வரை அடுப்படியில் வேலை இல்லை. சும்மா கிடந்த வீட்டில் அம்மாவும் அத்தாவும் எதிரெதிராகத் தரையில் உட்கார்ந்துகொண்டு பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அத்தாவின் பெட்டியை அம்மா அடுக்கினாள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள். கருப்பட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதற்கு அவ்வளவு நேரம் ஆலோசனை நடந்தது. அத்தா ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தபோது அம்மா பக்கத்தில் நின்று, அவர் கேட்காமலேயே துணியை நீட்டினாள். என் அம்மாவுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் அத்தாவோடு பேசவில்லை. பிற்பகல் தொழுகையான அசர் தொழுதுவிட்டு வந்து அவரே என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னும் கோவமாத்தான் இருக்கீகளோ?" என்றார். அவர் மரியாதை கொடுத்துக் கூப்பிட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அடக்கிக்கொண்டு, "பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"பாக்காததை எப்படிம்மா பாத்தேன்னு சொல்ல? என் பேச்சை நம்பி ஊரே ஒரு நோன்பை விட்டுருமே."

"ஊருக்கென்ன. நீங்க பெருநாளைக்கு இருந்திருப்பீகள்ல?"

பின்னாலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். "என்னைய ஏன் பாக்க? ஒங்கத்தா சரியாத்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையாகப் பெட்டியைத் திறந்தாள். அவர் போவதில் இவளுக்கு வருத்தமே இல்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிறையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பாங்கு முடிகிறபோதே வெள்ளிக்குப் பக்கத்தில் கொம்பு இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு அது நின்றது. இவ்வளவு தடியாக இருக்கிறதே, இது இரண்டாம் பிறை அல்லவா என்று தெருவில் ஒருவர் ஆரம்பித்துவைக்க, நேற்றே தெரிந்திருக்க வேண்டும் என்று என் நெஞ்சு மறுபடி கொதித்தது. கீழே வேன் வந்து நின்றது. போர்மேன் மாமா கம்பெனியில் இருந்து நேரே வந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னால ஆனதைப் பண்ணுனேன் பாய். அதுதான் ஒரு நாள் லேட்டா வந்துருச்சு" என்றார், ஏதோ பிறை அவர் கம்பெனிச் சரக்கு மாதிரி. அத்தா எல்லாருக்கும் சலாம் சொல்லி ஏறினார். வேன் தெருமுனையில் திரும்பி, பிறை இருந்த திசையிலேயே போய் மறைந்தது.

வாசலில் கூடியிருந்த பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே ஒரு நாளில் பெருநாள் தவறிப்போய்விட்டதே, அந்தப் பிறைக்குத்தான் கண்ணில்லையா என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் போனதும் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் சாய்ந்து நின்று, என்னிடம் சொல்வது மாதிரியும் இல்லாமல், தனக்குத் தானே சொல்வது மாதிரியும் இல்லாமல் சொன்னாள்.

"இன்னைக்குப் பெருநாளா இருந்திருந்தா, ஊரே வந்து அவரைப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். நான் அடுப்படியிலேயே கெடந்திருப்பேன். ஒரு நாள் முழுசா எனக்குன்னு யாரு குடுத்திருப்பா?"

பெருநாள் வராததற்குச் சந்தோஷப்படுகிற ஒரு ஆள் உலகத்தில் இருக்க முடியும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. நோன்பின் களைப்பில் அம்மா ஏதோ உளறுகிறாள் என்று பயந்து, ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி முழுசாகக் குடித்தாள்.